எலும்பு ஒட்டும் செயற்கைப் பல்வேரும்

பல் இழந்தவர்கள் பொய்ப்பல் கட்டிக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. கட்டிய புதிதில் வாய்க்கு நன்கு பொருந்தியிருந்த பல் செட்டு சில ஆண்டுகளில் தளர்ந்துவிடுகிறது; பேசும்போது நழுவுகிறது; உண்ணும்போது ஈறை உறுத்துகிறது. இறுதியில் பலர் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, கஞ்சியும் குழைந்த சோறுமே போதும் என்று அமைந்துவிடுகின்றனர். செட்டைச் செய்தவர் சரியாகச் செய்யவில்லை என்று குறை கூறுவது வழக்கம். பெரும்பாலும் அக்குறை அவரைச் சாராது. பல் செட்டின் வடிவம் மாறாமலேயே இருக்கிறது. அதைத் தாங்கி நின்ற தாடை எலும்புதான் தேய்ந்து தாழ்ந்துவிட்டது.

இவ்வாறு தேய்ந்த எலும்பை மீண்டும் வளர்க்க இயலுமா? வளர்த்த எலும்பில் உறுதியான செயற்கைப் பற்களை நட இயலுமா? இவ்விரு வினாக்களுக்கும் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் விஞ்ஞானம் பெரிதும் விடை கண்டிருக்கிறது. அவ்விடையையும், அதன் எல்லைகளையும் அறிந்துகொள்வது மக்களிடையே பணியாற்றுவோருக்குப் பயன் தரும்.

பல் போனால் எலும்பும் போகும்

எலும்பு என்றவுடன் கல்லைப்போல் உயிரற்ற பொருள் ஒன்றை நினைப்பவர் பலர். உண்மையில் எலும்பு உயிருள்ள திசு. அதனுள் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்களும், புதிய எலும்பைக் கட்டும் அணுக்களும் அதில் இடைவிடாமல் வேலை செய்கின்றன. இவ்விரு வேலைகளும் சமமாக நடைபெறும்வரை எலும்பின் அளவு குறைவதில்லை. எந்த எலும்பின்மீது தக்க அளவு சுமை விழுகிறதோ அது வலுப்பெறுகிறது. சுமை நீங்கிய எலும்பு மெலிகிறது. எலும்பின் அமைப்பு அது தாங்கும் சுமைக்கு ஏற்ப மாறுகிறது என்னும் இக்கருத்தை ஜெர்மானிய இரண மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துரைத்தார்.

தாடை எலும்பில் இரண்டு பகுதிகள் உண்டு. அடியில் இருப்பது தாடையின் உடற்பகுதி. அதன்மேல் வரப்புப்போல் எழுந்து, பற்களின் வேர்களைக் குழிகளில் ஏந்தி நிற்பது பற்குழி எலும்பு. பல்லின் வேர் இந்தக் குழியில் ஆணி அடித்தாற்போல் நேரே பதிந்திருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்கள் பல உள்ளன. பல் அந்நார்களில் தொங்குகிறது எனலாம். ஒவ்வொரு முறை மெல்லும்போதும் நார்கள் இழுபட்டு எலும்பைத் தூண்டுகின்றன. பற்குழி எலும்பு பல்லோடு தோன்றிப் பல்லோடு வாழ்வது. பல்லைப் பிடுங்கியதும் நார்களும் போய்விடுகின்றன, தூண்டுதல் நின்றுவிடுகிறது, கட்டும் வேலை தளர்ந்து, கரைக்கும் வேலை மேலோங்குகிறது.

இத்தேய்வு எவ்வளவு விரைவானது என்பதை டென்மார்க்கில் நடத்தப்பெற்று 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி அளந்து காட்டியது. கடைவாய்ப் பகுதியில் ஒரு பல் பிடுங்கப்பெற்ற 46 நோயாளிகளை ஆய்வாளர்கள் ஓராண்டுக் காலம் தொடர்ந்து நோக்கினர். தொடக்கத்தில் சராசரி 12 மில்லிமீட்டர் அகலமாக இருந்த எலும்பு வரப்பு, ஓராண்டின் முடிவில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது. இக்குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்ந்தது.

பற்கள் அனைத்தையும் இழந்தவர்களுக்குத் தேய்வு ஓராண்டோடு நிற்பதில்லை. முழுப் பல் செட்டு அணிந்தவர்களை 25 ஆண்டுகள்வரை தொடர்ந்து கண்ட ஆராய்ச்சி ஒன்று 1972இல் வெளியாயிற்று. ஆண்டுதோறும் எலும்பு சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருவதையும், மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்வதையும் அது காட்டியது. கீழ்ப் பல் செட்டே முதலில் தளர்வதன் காரணம் இதனால் விளங்கும். தேய்வு மிகுந்தால் கீழ்த்தாடையினுள் ஓடும் நரம்பு மேற்பரப்புக்கு அருகே வந்துவிடுகிறது. அதன்மேல் செட்டு அழுந்தும்போது வலி உண்டாகிறது. மேல்தாடையின் பின்பகுதியிலோ, மேல்தாடை எலும்பின் உள்ளே இருக்கும் காற்றறை கீழ்நோக்கி விரிந்து, எலும்பைத் தாள்போல் மெல்லியதாக்கிவிடுகிறது.

பல் பிடுங்குதல் மட்டுமே எலும்பு இழப்புக்குக் காரணமன்று. கவனிக்கப்படாத ஈறு நோய், பல் இருக்கும்போதே அதைச் சுற்றிய எலும்பை அரித்துவிடுகிறது. விபத்துகள், தாடையில் தோன்றும் நீர்க்கட்டிகள், கழலைகள், புற்றுநோய்க்காகச் செய்யப்படும் அறுவை ஆகியவற்றால் எலும்பு பெருமளவில் இழக்கப்படுவதும் உண்டு. உதட்டிலும் அண்ணத்திலும் பிளவுடன் பிறக்கும் குழந்தைகள் சிலருக்குப் பற்குழி எலும்பிலேயே ஓர் இடைவெளி பிறவியில் அமைந்துவிடுகிறது.

உலோகத்தை ஏற்றுக்கொள்ளும் எலும்பு

இழந்த பல்லின் இடத்தில் வேறொரு பொருளை நட்டு வைக்கும் எண்ணம் மிகப் பழையது. மத்திய அமெரிக்காவிலுள்ள ஹாண்டுராஸ் நாட்டில் 1931இல் ஒரு தாடை எலும்புத் துண்டு கண்டெடுக்கப்பட்டது. அது கி.பி. 600ஆம் ஆண்டை ஒட்டியது எனக் கணிக்கப்பட்டுள்ளது. அதன் கீழ் முன்பற்களின் இடத்தில் பல் வடிவாகச் செதுக்கிய கிளிஞ்சல் துண்டுகள் மூன்று பதிந்திருந்தன. பிற்காலத்தில் எடுக்கப்பெற்ற எக்ஸ்ரே படங்கள், கிளிஞ்சலைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்ததைக் காட்டின. அவை உயிருள்ள ஒருவரின் வாயிலேயே நடப்பட்டவை என்று இதிலிருந்து அறியலாம்.

எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் பல்வேறு உலோகங்களைக் கொண்டு செய்த முயற்சிகள் பெரும்பாலும் நிலைத்த பயன் தரவில்லை. எலும்பு அவ்வுலோகங்களை அந்நியப் பொருளாகவே கருதியது. சுற்றிலும் நார்த்திசு சூழ்ந்து, நட்ட பொருள் தளர்ந்து வெளிவந்துவிட்டது.

இதற்கு வழி கண்டவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி பெர் இங்வர் பிரோனிமார்க். 1950களின் தொடக்கத்தில் அவர் பல் மருத்துவத்தைப் பற்றி எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. எலும்பினுள் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்பதை நேரே காண விரும்பி, நுண்ணோக்கிக் கருவி பொருத்திய டைட்டேனியக் கூடு ஒன்றை முயலின் கால் எலும்பில் பதித்தார். ஆய்வு முடிந்தபின் கருவியை எடுக்க முயன்றபோது அது வரவில்லை. எலும்பு உலோகத்தோடு இறுகப் பொருந்தி வளர்ந்துவிட்டிருந்தது. இடையூறாகத் தோன்றிய இந்நிகழ்ச்சியின் பயனை அவர் உணர்ந்தார். பல ஆண்டுகள் விலங்குகளில் ஆய்வு செய்தபின், 1965இல் பிறவியிலேயே தாடைக் குறைபாடு உடைய ஒருவரின் கீழ்த்தாடையில் டைட்டேனியத் திருகுகளைப் பதித்து, அவற்றின்மேல் பற்களைப் பொருத்தினார். அந்நோயாளி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பற்களைப் பயன்படுத்தி வாழ்ந்தார். 1982இல் கனடாவின் டொரண்டோ நகரில் கூடிய மாநாட்டில் இம்முறையின் முடிவுகள் எடுத்துரைக்கப்பட்டபின், உலகெங்கும் பல் மருத்துவர்கள் இதனை ஏற்றனர்.

இம்ப்ளாண்ட் என்று இன்று வழங்கப்பெறுவது இத்தகைய செயற்கைப் பல்வேரே ஆகும். அது பொதுவாக 3.5 முதல் 5 மில்லிமீட்டர் விட்டமும், 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளமும் உள்ள திருகு. எலும்பு அதனைப் பற்றியபின், அதன்மேல் பல்லின் மேற்பகுதி பொருத்தப்படுகிறது.

டைட்டேனியத்திற்கு இத்தகுதி எங்ஙனம் வந்தது? இவ்வுலோகத்தின்மீது காற்று பட்ட உடனேயே மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று தோன்றி அதனை மூடிவிடுகிறது. இப்படலம் உடலின் நீர்மங்களில் கரைவதில்லை, துருவாக உதிர்வதுமில்லை. எலும்பு அணுக்கள் இதன்மேல் தங்குதடையின்றிப் படிந்து வளர்கின்றன. எஃகைவிட எடை குறைந்ததாகவும், அதைவிடச் சிறிது வளைந்து கொடுப்பதாகவும் இருப்பதால், மெல்லும் சுமையை எலும்புக்குப் பகிர்ந்து அளிக்கவும் இது ஏற்றது. டைட்டேனியத்தின் தாதுவாகிய இல்மனைட்டு, கேரளத்தின் சவரா, தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சி ஆகிய இடங்களின் கடற்கரை மணலில் நிறையக் கிடைக்கிறது என்பதை மாணவர்களுக்கு எடுத்துக் கூறலாம்.

உலோகம் நல்லதாயிருப்பது மட்டும் போதாது. திருகுக்குத் துளையிடும்போது எழும் உஷ்ணம் எலும்பைக் கொன்றுவிடக்கூடும். 47 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு கெடத் தொடங்குகிறது என்று 1983இல் வெளியான சுவீடன் ஆய்வு காட்டியது. ஆகவே உப்புநீரைப் பாய்ச்சிக் குளிர்வித்துக்கொண்டே, மெதுவாகத் துளையிடுகின்றனர். நட்டபின் திருகு அசையவும் கூடாது. மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அசைவு தொடர்ந்து இருந்தாலும் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும். இக்காரணத்தால் பிரோனிமார்க் கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருந்த பிறகே பற்களைப் பொருத்தினார். இக்காலத்தில் தக்க நோயாளிகளுக்கு இக்காத்திருப்பு குறைக்கப்படுகிறது.

எல்லாவற்றிற்கும் மேலாக, திருகைச் சுற்றி எப்பக்கமும் குறைந்தது ஒரு மில்லிமீட்டர் கனத்தில் எலும்பு இருத்தல் வேண்டும். கீழ்த்தாடை நரம்புக்கும் திருகின் முனைக்கும் இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். 12 மில்லிமீட்டர் அகலம் இருந்த வரப்பு 6 மில்லிமீட்டராகக் குறைந்தவரிடம், 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகை நடுவது எல்லைக்கோட்டில் நிற்கும் காரியம். அதற்கும் குறைந்துவிட்டால் முதலில் எலும்பைச் சேர்த்தாக வேண்டும். எலும்பு ஒட்டு தேவைப்படுவது இங்கேதான்.

மா ஒட்டும் எலும்பு ஒட்டும்

ஒட்டு என்னும் சொல் தோட்டக்காரர்களிடம் பெரிதும் வழங்குவது. நாட்டு மாங்கன்றின்மேல் நல்ல சாதிக் கிளையை ஒட்டினால், ஒட்டிய கிளையே தழைத்துக் காய்க்கிறது. எலும்பு ஒட்டில் நடப்பது அதுவன்று. எடுத்து வைத்த எலும்பிலுள்ள அணுக்களில் பெரும்பகுதி இரத்த ஓட்டம் இன்றி இறந்துவிடுகின்றன. ஆனால் அவ்வெலும்பின் நுண்ணிய இடைவெளிகள் வழியே, பக்கத்திலுள்ள உயிருள்ள எலும்பிலிருந்து இரத்தக் குழாய்கள் ஊர்ந்து நுழைகின்றன. அவற்றோடு வரும் அணுக்கள் பழைய எலும்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து, அதன் இடத்தில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. பல மாதங்களுக்குப் பின் அங்கு இருப்பது பெரும்பாலும் நோயாளியின் சொந்தப் புது எலும்பே. புடலங்கொடிக்குப் பந்தல் உதவுவதுபோல் ஒட்டு எலும்பு உதவுகிறது என்பது பொருந்தும். படர வேண்டிய கொடி நோயாளியின் உடலிலிருந்துதான் வர வேண்டும்.

ஒட்டுக்கு எத்தகைய பொருள்களைப் பயன்படுத்தலாம் என்பதைப் புரிந்துகொள்ள, வகுப்பறையில் ஓர் எளிய சோதனை செய்து காட்டலாம். சமைத்த கோழியின் மெல்லிய கால் எலும்புகள் இரண்டை எடுத்துச் சதை நீக்கிக் கழுவ வேண்டும். ஒன்றைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, அது மூழ்கும்வரை காடியை ஊற்றி, ஒரு வாரம் வைக்க வேண்டும். காடியை இடையில் ஒரு முறை மாற்றுவது நல்லது. அதிலுள்ள அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துவிடும். எஞ்சிய எலும்பு வடிவு மாறாமல், ஆனால் ரப்பர்போல் வளையும். மற்றொன்றை ஆசிரியர் இடுக்கியில் பிடித்து, தணலில் வெண்மையாகும்வரை சுட வேண்டும். நார்ச்சத்து எரிந்துபோய், எஞ்சியது விரலால் நசுக்கினாலே பொடியும். எலும்பு என்பது வளையும் நாரும் இறுகிய தாதுவும் சேர்ந்த கட்டடம் என்று இதனால் தெளிவாகும். எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருளே.

மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒட்டுப் பொருள்களில் இரண்டு வகைகள் இவ்விரு எலும்புகளையே ஒத்தவை. மாட்டெலும்பை உஷ்ணத்தாலும் இரசாயன முறைகளாலும் பக்குவம் செய்து, புரதத்தை முற்றும் நீக்கி, தாதுச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வது ஒரு வகை. இது சுட்ட எலும்பைப் போன்றது. பந்தலாக மட்டும் உதவும். மிக மெதுவாகவே கரையும். அமிலத்தால் தாது நீக்கிய மனித எலும்பு மற்றொரு வகை. இது காடியில் ஊறிய எலும்பை ஒத்தது. அமெரிக்க விஞ்ஞானி மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். தாது நீக்கிய எலும்பை விலங்குகளின் தசையினுள் வைத்தபோது, எலும்பே இல்லாத அவ்விடத்தில் புதிய எலும்பு தோன்றியது. எலும்பில் உறைந்திருக்கும் ஒருவகைப் புரதம் சுற்றியுள்ள அணுக்களை எலும்பு கட்டும் அணுக்களாக மாறத் தூண்டுகிறது என்பது பின்னர் அறியப்பட்டது. அப்புரதங்களில் ஒன்று இப்போது ஆய்வுக்கூட முறையில் தயாரிக்கப்பட்டு, மருத்துவர்களால் சில இடங்களில் பயன்படுத்தப்படுகிறது.

இவை இருப்பினும், நோயாளியின் சொந்த எலும்பையே மருத்துவர்கள் மிக உயர்ந்ததாக மதிக்கின்றனர். பந்தல், தூண்டும் புரதம், உயிர் தப்பிய சில அணுக்கள் ஆகிய மூன்றையும் அது ஒருங்கே தருகிறது. சிறிய தேவைக்கு மோவாயிலிருந்தோ கீழ்த்தாடையின் பின்பகுதியிலிருந்தோ எடுக்கின்றனர். பெரிய தேவைக்கு இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எடுக்கின்றனர். இதில் குறை யாதெனில், மற்றோர் இடத்திலும் அறுவை செய்ய வேண்டியிருப்பதும் அதன் வலியுமே.

பிறர் எலும்பைப் பதப்படுத்திக் காப்பதற்குத் திசு வங்கிகள் உள்ளன. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையில் 1988இல் தொடங்கப்பெற்ற திசு வங்கி, கதிரியக்கத்தால் கிருமி நீக்கிய திசுக்களை வழங்கிவருகிறது. இவையன்றி, எலும்பின் தாதுவை ஒத்த ஹைட்ராக்சியபடைட்டு முதலியவை செயற்கையாகவும் செய்யப்படுகின்றன. எலும்போடு பிணையும் ஒருவகைக் கண்ணாடியை அமெரிக்காவில் லாரி ஹெஞ்ச் 1969இல் உருவாக்கினார். திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம், ஹைட்ராக்சியபடைட்டையும் இத்தகைய கண்ணாடியையும் இணைத்து ஓர் ஒட்டுப் பொருளை நம் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது.

மாடு, பன்றி முதலியவற்றின் எலும்பிலிருந்து வரும் பொருள்களைச் சமய நம்பிக்கை காரணமாக ஏற்க விரும்பாதவர்கள் உண்டு. எப்பொருள் வைக்கப்படப் போகிறது என்று முன்னரே கேட்டறியும் உரிமை நோயாளிக்கு உண்டு. மாற்றுப் பொருள்களும் இருத்தலால், கூச்சமின்றிக் கேட்குமாறு அவர்களை ஊக்குவிக்க வேண்டும்.

ஒட்டு வைக்கும் முறைகள்

பல் பிடுங்கிய அன்றே குழியில் ஒட்டுப் பொருளை நிரப்பி மூடிவைப்பது எளிய முறை. இது தேய்வை அறவே தடுப்பதில்லை; வெகுவாகக் குறைக்கிறது.

வரப்பு ஓரிடத்தில் மட்டும் மெலிந்திருந்தால், அங்கே ஒட்டுத் துகள்களை வைத்து, மேலே மெல்லிய சவ்வு ஒன்றைப் பரப்பி ஈறைத் தைத்துவிடுகின்றனர். ஈறின் அணுக்கள் விரைந்து வளர்பவை. எலும்பின் அணுக்கள் மெதுவாக வளர்பவை. தடுப்பு இல்லையேல் ஈறே அவ்விடத்தை நிரப்பிவிடும். நாற்றைக் காக்க வேலியிடுவது போன்றதே இச்சவ்வு. சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் இக்கருத்தை 1988இல் விலங்குகளில் மெய்ப்பித்துக் காட்டினர்.

வரப்பு முழுவதும் மெலிந்திருந்தால், எலும்பைக் கட்டியாக வெட்டியெடுத்துச் சிறு திருகுகளால் பிணைக்கின்றனர். மேல்தாடையின் பின்பகுதியில் காற்றறை தாழ்ந்திருந்தால், பக்கவாட்டில் சிறு சாளரம் திறந்து, காற்றறையின் உட்சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, அதன் அடியில் ஒட்டுப் பொருளை இடுகின்றனர். அமெரிக்க மருத்துவர்கள் பாய்ன், ஜேம்ஸ் ஆகியோர் 1980இல் இம்முறையை வெளியிட்டனர். இத்தகைய ஒட்டுகள் முதிர்வதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதன்பின் பல்வேரை நட்டு, அது பற்றுவதற்கும் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஆக, சிகிச்சை முழுவதும் முடிய ஓராண்டுகூட ஆகலாம். இதனை முதலிலேயே அறியாத நோயாளி பாதியில் சிகிச்சையைக் கைவிட்டுவிடக்கூடும்.

காலெலும்பால் அமையும் தாடை

புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கம் பரவியுள்ள நம் நாட்டில், வாய்ப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுகிறது. நோய் தாடையைப் பற்றிவிட்டால், எலும்பின் ஒரு பகுதியையே அகற்ற நேர்கிறது. முகம் ஒரு பக்கம் சரிகிறது, உமிழ்நீர் ஒழுகுகிறது, சொற்கள் குழறுகின்றன. உயிர் பிழைத்தும் பந்தியில் அமர்ந்து உண்ணக் கூசி ஒதுங்குவோர் பலர்.

இத்தகைய பெரிய இடைவெளியைச் சாதாரண ஒட்டால் நிரப்ப இயலாது. ஏறக்குறைய 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டின் நடுவரை இரத்தக் குழாய்கள் ஊர்ந்து சேர்வதற்குள் ஒட்டு கெட்டுவிடும். இதற்கு வழி, எலும்பை அதன் இரத்தக் குழாய்களோடு சேர்த்தே எடுத்து வைப்பது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே இரண்டு எலும்புகள் உள்ளன. உட்புறமுள்ள பருத்த டிபியாவே உடலின் எடையைப் பெரும்பாலும் தாங்குகிறது. வெளிப்புறமுள்ள மெல்லிய ஃபிபுலாவின் நடுப்பகுதியை, கணுக்கால் அருகிலும் முழங்கால் அருகிலும் சில சென்டிமீட்டர் விட்டுவிட்டு, 20 சென்டிமீட்டருக்கு மேலும் எடுக்கலாம். நடப்பதற்குப் பெரும் இடையூறு நேர்வதில்லை. ஆஸ்திரேலிய இரண மருத்துவர் அயன் டெய்லரும் அவர் குழுவினரும் 1975இல் இவ்வெலும்பை இரத்தக் குழாயோடு எடுத்து, மற்றொரு காலின் சிதைந்த எலும்பைச் சரிசெய்ய வைத்தனர். நியூயார்க் நகரில் டேவிட் ஹிடால்கோ அதனைக் கீழ்த்தாடையை மீண்டும் அமைக்கப் பயன்படுத்தி, 1989இல் முடிவுகளை வெளியிட்டார்.

நேரான காலெலும்பை ஆப்பு வடிவாக வெட்டி வளைத்து, தாடையின் உருவம் வருமாறு டைட்டேனியத் தகட்டால் பிணைக்கின்றனர். அதன் மெல்லிய இரத்தக் குழாய்களைக் கழுத்திலுள்ள குழாய்களோடு, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே தைக்கின்றனர். இவ்வொட்டில்தான் எடுத்து வைத்த எலும்பே, மா ஒட்டின் கிளையைப்போல், தன் உயிரோடு புதிய இடத்தில் வாழ்கிறது. எலும்பு கூடியபின் அதில் செயற்கைப் பல்வேர்களை நட்டுப் பற்களும் வைக்கலாம். நம் நாட்டின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இவ்வறுவை செய்யப்படுகிறது.

எல்லைகள்

எலும்பு ஒட்டு எல்லோருக்கும் ஏற்றதன்று. பீடி, சிகரெட்டுப் புகைப்போரின் திசுக்களில் இரத்த ஓட்டம் குறைந்திருத்தலால் ஒட்டு தவறும் வாய்ப்பு மிகுதி. கட்டுக்கடங்காத நீரிழிவு உள்ளவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகிறது. எலும்பு மெலிவுக்கும், எலும்பில் பரவிய புற்றுநோய்க்கும் தரப்படும் பிஸ்பாஸ்பொனேட்டு வகை மருந்துகளை உட்கொள்வோருக்கு, வாயில் அறுவை செய்தபின் தாடை எலும்பு மடிந்துவிடுவது உண்டு என்று 2003 முதல் அறியப்பட்டுள்ளது. முகத்தில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவ்வபாயம் உண்டு. ஆகவே உட்கொள்ளும் மருந்துகளையும் முன்பு பெற்ற சிகிச்சைகளையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். வளர்ச்சி முடியாத சிறுவர்களுக்குப் பல்வேர் நடுவதில்லை. தாடை வளர, நட்ட வேர் வளராமல் பின்தங்கிவிடும்.

நட்ட பல் சொத்தையாவதில்லை. ஆயினும் அதைச் சுற்றிய ஈறு சுத்தமின்றி அழற்சியுற்றால், இயற்கைப் பல்லுக்கு நேர்வதுபோலவே எலும்பு அரிக்கப்பட்டு, திருகு தளர்ந்துவிடும். ஈறு நோயால் பல்லை இழந்தவர், அந்நோயைத் தீர்க்காமல் புதுப் பல் நட்டால் அதையும் இழக்க நேரும்.

செலவும் கருதத்தக்கது. பற்கள் யாவும் இழந்த ஒவ்வொருவருக்கும் பெரிய ஒட்டும் பல திருகுகளும் வேண்டுவதில்லை. கீழ்த்தாடையின் முன்பகுதியில் பெரும்பாலும் போதிய எலும்பு எஞ்சியிருக்கும். அங்கே இரண்டு பல்வேர்களை நட்டு, பல் செட்டை அவற்றில் பொத்தான்போல் மாட்டிக்கொள்ளச் செய்தால் செட்டு நழுவாது. 2002இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் கூடிய வல்லுநர்கள், பற்களற்ற கீழ்த்தாடைக்கு இதனையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தனர். அதற்கும் வசதியற்றவருக்கு, செம்மையாகச் செய்த செட்டும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதன் அடிப்பகுதியைத் திருத்திக்கொள்வதும் பெரிதும் உதவும்.

களப்பணியாளரும் ஆசிரியரும்

எலும்பைச் சேர்ப்பது அறுவை மருத்துவரின் வேலை. எலும்பைக் காப்பதோ, பெரும்பாலும் மருத்துவமனைக்கு வெளியே நடைபெற வேண்டிய வேலை.

பள்ளி மைதானத்தில் விழுந்து சிறுவன் ஒருவனின் நிலைத்த முன்பல் வேரோடு பெயர்ந்துவிட்டால், அப்பல்லை எறிந்துவிடலாகாது. வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கு இருந்தால் பாலிலோ சுத்தமான நீரிலோ சில விநாடிகள் அலசலாம்; வேரைத் தேய்க்கக் கூடாது. இயன்றால் உடனே குழியில் திரும்பப் பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். இயலாவிட்டால் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். வேரின்மீதுள்ள நார்கள் உயிரோடிருந்தால் பல்லும் அதன் எலும்பும் பிழைக்கும். பால் பற்களை இவ்வாறு திரும்பப் பொருத்தக் கூடாது.

உதட்டுப் பிளவு தைக்கப்பெற்ற குழந்தைகளைத் தொடக்கப் பள்ளிகளில் காணலாம். அவர்களுள் எலும்பிலும் பிளவு உள்ளோருக்கு, கோரைப்பல் முளைக்கும் முன்னர், பொதுவாக 8 முதல் 11 வயதுக்குள், அவ்விடத்தில் எலும்பு ஒட்டு வைத்தால், அப்பல் ஒட்டிய எலும்பின் வழியே தானே இறங்கி வரும். உதடு தைத்ததோடு சிகிச்சை முடிந்தது என்று எண்ணும் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்ல ஆசிரியரைவிடத் தக்கவர் இலர்.

ஊர்களில் பணியாற்றுவோர், ஈறில் இரத்தம் கசிவதையும் பல் ஆடுவதையும் முதுமையின் இயல்பு என்று மக்கள் விட்டுவிடுவதைக் காண்கின்றனர். அது எலும்பு அரிபடுவதன் அடையாளம் என்று விளக்கிப் பல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பல் பிடுங்கிக்கொள்ளச் செல்வோரை, பிடுங்கும் முன்னரே பின்னால் என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதங்களின் அருமை அப்போது வீணாகாது. கதிரியக்கச் சிகிச்சைக்குச் செல்வோர் அதற்கு முன்பே பற்களைச் சோதித்துக்கொள்வது இன்றியமையாதது. வாயில் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க இயலாமை ஆகியவை உள்ளவரைக் காலதாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்பினால், தாடையை அகற்றும் நிலையே பலருக்கு வராமற் போகும்.

காலெலும்பைத் தாடையாக்கும் திறமை இன்று மருத்துவத்திற்கு வாய்த்திருக்கிறது. அத்திறமை தேவைப்படுவோர் எண்ணிக்கையைக் குறைப்பது, ஈறையும் பல்லையும் உரிய காலத்தில் பேணச் செய்பவர்களின் கையில் இருக்கிறது.